விண்கல்லுக்குத் தபாலாபீஸ் பெயர்

தபால் இலாகாவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு எதைப் படித்தாலும் கண் முதலில் போவது விலாசத்துக்குத்தான். ஓய்வு பெற்ற பிறகு வானசாஸ்திரப் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. அப்படிப் படிக்கும்போது கிடைத்த ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

வானத்திலிருந்து விழும் கல்லுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் தெரியுமா? வால்நட்சத்திரத்துக்குக் கண்டுபிடித்தவர் பெயரை வைப்பார்கள். விண்கல்லுக்கு அப்படி இல்லை. அது விழுந்த இடத்துக்கு அருகிலுள்ள ஊரின் பெயர்தான் அதற்கும். அந்தக் காலத்து வழக்கப்படி இன்னும் திட்டமாகச் சொன்னால், பக்கத்துத் தபாலாபீஸ் எந்த ஊரோ அந்த ஊர்ப் பெயர். ஆக, உலகத்து மியூசியங்களில் இருக்கும் விண்கற்களின் பட்டியல் ஒருவகையில் கிராமத் தபாலாபீஸ்களின் பட்டியல். இதைப் படித்த அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை என் வீட்டம்மாவுக்குப் புரிய வைக்க முடியவில்லை. உங்களிடமாவது முயன்று பார்க்கிறேன்.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. ஒரு பக்கம் கிராமத்து ஜனங்கள், மறுபக்கம் படித்தவர்கள். கல் விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் ஒரு கட்சி, கல் விழ முடியாது என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்னவர்கள் இன்னொரு கட்சி.

1768 செப்டம்பர் 13ஆம் தேதி பிரான்சில் லூசே என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது. பார்த்தவர்கள் பலர். பாரிஸ் அறிவியல் அகாடமி அதை ஆராயச் சொன்னவர்களில் ஒருவர் லவாய்சியே. நவீன வேதியியலின் தந்தை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். அவர்கள் கொடுத்த தீர்ப்பு: இது பூமியில் கிடந்த கல்தான், இடி தாக்கியதால் மேல்பாகம் கருகியிருக்கிறது, அவ்வளவே. வயலில் நின்று பார்த்தவர்களின் சாட்சியம் தள்ளுபடி.

லவாய்சியேவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்துக் கொள்கைப்படி வானவெளியில் கல் ஏதும் மிதக்க வழியே இல்லை. இல்லாத கல் எப்படி விழும்? அவர் யோசித்த முறையில் தப்பில்லை. சாட்சி சொன்னவர்கள் குடியானவர்கள் என்பதால் அந்தச் சாட்சிக்கு எடை குறைந்துபோனதுதான் விஷயம்.

இத்தனைக்கும் ஐரோப்பாவிலேயே பழைய அத்தாட்சி இருந்தது. 1492 நவம்பர் 7 அன்று அல்சாஸ் பகுதியில் என்சிஸ்ஹைம் ஊருக்கு வெளியே கோதுமை வயலில் ஒரு பெரிய கல் விழுந்ததை ஒரு சிறுவன் பார்த்தான். சுமார் 127 கிலோ. ஜனங்கள் ஆளுக்கொரு துண்டு உடைத்துக்கொண்டு போக ஆரம்பிக்கவே, மிச்சத்தைத் தூக்கி வந்து மாதா கோயிலுக்குள் வைத்தார்கள். ஐந்நூறு வருஷம் கழித்தும் அந்தக் கல் அந்த ஊரிலேயே இருக்கிறது. இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வழக்கின் போக்கை மாற்றியவர் கிளாட்னி என்ற ஜெர்மானியர். சட்டம் படித்தவர். ஒலியைப் பற்றிய ஆராய்ச்சியில் புகழ் பெற்றவர். 1794இல் அவர் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். பல நூற்றாண்டுகளாகக் கல் விழுந்ததாகச் சொன்னவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்து, வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோல ஒப்பிட்டார். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒரே மாதிரி சொல்கிறார்களே, எல்லாரும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டா பொய் சொல்வார்கள் என்று கேட்டார். கல்லும் இரும்பும் வானவெளியிலிருந்துதான் வருகின்றன என்று எழுதினார். பலர் சிரித்தார்கள்.

அடுத்த வருஷமே, 1795 டிசம்பரில், இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் வோல்டு காட்டேஜ் என்ற பண்ணையில் சுமார் 25 கிலோ கல் ஒன்று விழுந்தது. பண்ணையின் சொந்தக்காரர் டோப்ஹாம் கெட்டிக்காரர். பார்த்த கூலியாட்களிடம் சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் வாங்கினார். கல்லை லண்டனுக்குக் கொண்டுபோய்க் கட்டணம் வைத்துக் காட்டினார். அது விழுந்த இடத்தில் ஒரு ஸ்தூபியும் கட்டினார். இன்றும் அது நிற்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 1798 டிசம்பர் 19, இரவு எட்டு மணி சுமாருக்குக் காசியிலிருந்து பதினாலு மைல் தூரத்தில் கிராகூத் என்ற கிராமத்தின் மேலே வானத்தில் ஒரு பெரிய நெருப்புக் கோளம் போயிற்று. மேகமே இல்லாத வானம். இடிபோலச் சத்தம். கனமான பொருள்கள் பக்கத்தில் விழும் ஓசை. மறுநாள் காலையில் வயலுக்குப் போனவர்கள் அங்கங்கே மண் புதிதாகக் கிளறப்பட்டிருப்பதையும், அங்கே கறுப்பு ஓடு போர்த்த கற்கள் கிடப்பதையும் பார்த்தார்கள். ஒரு கல், காவல்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு மண் தரையில் சில அங்குலம் புதைந்தது. ஒரு கிலோவுக்குக் குறையாத கல். அவர் அதைத் தோண்டி எடுத்துத் தன் எஜமானிடம் கொடுத்தார். காசியில் இருந்த ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தத் தகவல்களையெல்லாம் எழுதி, கற்களோடு லண்டனுக்கு அனுப்பினார்.

லண்டனில் ஹோவர்டு என்ற இளம் வேதியியலாளர் நாலு கற்களை வரிசையாக வைத்தார். இத்தாலியில் சியனாவில் விழுந்தது ஒன்று. பொஹீமியாவில் தாபோரில் விழுந்தது ஒன்று. யார்க்‌ஷயர் கல் ஒன்று. நம் காசிக் கல் ஒன்று. நாலையும் சோதித்தார். நாலிலும் இரும்போடு நிக்கல் கலந்திருந்தது. பிரான்சிலிருந்து தப்பி வந்து லண்டனில் இருந்த பூர்னோன் என்ற பிரபு, கற்களைப் பார்வையிட்டு உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் இருப்பதைக் குறித்தார். அந்தந்த ஊர் மண்ணில் கிடைக்கும் எந்தக் கல்லிலும் இப்படி இல்லை. 1802இல் இந்தக் கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தள்ளி விழுந்த கற்கள் அண்ணன் தம்பிபோல இருக்கின்றன என்றால் அவற்றின் பிறந்தகம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்?

1803 ஏப்ரல் 26ஆம் தேதி பிரான்சில் லேக்ள் என்ற ஊரில் பட்டப்பகலில் சுமார் மூவாயிரம் கற்கள் மழைபோல விழுந்தன. அரசாங்கம் பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் ஊர் ஊராக நடந்து, ஜனங்களைத் தனித்தனியே விசாரித்து, எந்தெந்த இடத்தில் கல் விழுந்தது என்று வரைபடம் போட்டார். அதோடு வழக்கு முடிந்தது. குடியானவர்கள் கட்சி ஜெயித்தது.

அந்த வெற்றியில் காசிப் பக்கத்துக் காவல்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கல்லோடு லண்டன் போனது ஊரின் பெயர் மட்டும்தான்.

இப்போது நம் மாவட்டங்களுக்கு வருகிறேன். 1857 பிப்ரவரி 28, நண்பகல். சிப்பாய்க் கலகம் வெடிக்க இன்னும் இரண்டு மாசத்துக்கு மேல் இருந்தது. அன்றைய மதுரை ஜில்லாவின் தெற்குச் சீமையில் இரண்டு கற்கள் விழுந்தன. ஒன்று 134 பவுண்டு, அதாவது சுமார் 61 கிலோ. மற்றது 37 பவுண்டு, சுமார் 17 கிலோ. மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த டெய்லர் என்ற பாதிரியார் அவற்றைப் பற்றி எழுதி வைத்தார். சின்னக் கல் அமெரிக்காவில் ஓஹியோவுக்குப் போயிற்று. பெரிய கல் லண்டன் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது.

உலக விண்கல் பட்டியலில் அதன் பெயர் 'பர்னல்லி'. வெள்ளைக்காரன் நாக்கில் புரண்டு வந்த பெயர். பட்டியலில் கொடுத்திருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை மேப்பில் வைத்துப் பார்த்தேன். கமுதிக்குத் தெற்கே போய் நிற்கிறது விரல். அங்கே பெருநாழி இருக்கிறது. தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆன தேசத்தில் பெருநாழி 'பர்னல்லி' ஆனதில் என்ன ஆச்சரியம்? விலாசம் சரியாக எழுதாத கடுதாசிகளை உரிய ஊருக்குச் சேர்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான். இது பெருநாழிக் கல்தான் என்பது என் ஊகம்.

இந்தக் கல் சாமானியமானதல்ல. பூர்னோன் பார்த்தாரே, அந்தச் சின்ன உருண்டைகள், அவை இதில் அதிகம் சிதையாமல் அப்படியே இருக்கின்றன. சூரிய மண்டலம் உருவான காலத்தில், சுமார் 456 கோடி வருஷங்களுக்கு முன்னால், தூசு உருகித் துளித்துளியாக உறைந்தவை அவை. பூமியிலுள்ள பாறைகளெல்லாம் எத்தனையோ முறை உருகி உருமாறிவிட்டன. இந்த உருண்டைகள் மாறவில்லை. அதனால் இந்த வகைக் கற்களை ஆராய்பவர்களுக்குப் 'பர்னல்லி' தெரிந்த பெயர். கமுதி பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. 1886 ஜனவரி 27ஆம் தேதி, அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் நம்மியந்தல் என்ற ஊரில் சுமார் நாலரைக் கிலோ கல் ஒன்று விழுந்தது. அதுவும் ஊர்ப் பெயரோடே பட்டியலில் இருக்கிறது.

ஊர்ப் பெயருக்கு வந்த அதிர்ஷ்டத்தைச் சொல்வதென்றால் பீகாரின் ஷெர்காட்டியைத்தான் சொல்ல வேண்டும். 1865 ஆகஸ்ட் 25 காலையில் அங்கே சுமார் ஐந்து கிலோ கல் ஒன்று விழுந்தது. மற்ற விண்கற்களிலிருந்து அது வித்தியாசமாக இருந்தது. பிறகு அதே ஜாதிக் கற்கள் வேறு இடங்களிலும் கிடைத்தபோது எல்லாவற்றுக்கும் 'ஷெர்காட்டைட்' என்று குலப்பெயர் வந்துவிட்டது. 1983இல் அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு ஷெர்காட்டைட் கல்லுக்குள் அடைபட்டிருந்த வாயுவைச் சோதித்தார்கள். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் விண்கலம் அளந்து சொன்ன காற்றோடு அது ஒத்துப்போனது. ஆக, அவையெல்லாம் செவ்வாய் கிரகத்துக் கற்கள். இன்று உலகத்தில் எங்கே ஒரு செவ்வாய்க் கல் கிடைத்தாலும் பெரும்பாலும் அதைக் குறிக்க ஒரு பீகார் ஊரின் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்.டி.சி.யில் கல்கத்தா போனபோது இந்தியன் மியூசியத்தில் விண்கற்களைப் பார்த்தேன். கூட வந்தவர்கள் எகிப்து மம்மியைப் பார்க்க ஓடிவிட்டார்கள். நான் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தேன். தபால் சார்ட்டிங் செய்பவனுக்குக் கண் தானாகவே ஜில்லாவாரியாகப் பிரிக்கும்.

ஒரு கல்லைப் பார்த்தவுடன் அதன் மதிப்பு தெரிந்துவிடாது. யாராவது ஒருவர் அதைத் தூக்கிப்போடாமல் பிடிவாதமாக வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் வாழ்ந்த எலைசா கிம்பர்லி என்ற குடியானவப் பெண்மணி. 1880களில் அவர்கள் நிலத்தில் உழும்போதெல்லாம் கறுப்பான கனத்த கற்கள் கலப்பையில் தட்டின. அந்த வட்டாரத்தில் கல்லே கிடையாது. அக்கம்பக்கத்தார் அவற்றை வைக்கோல்போர் பறக்காமலிருக்க மேலே வைத்தார்கள். எலைசாவோ சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு விண்கல்லைப் பார்த்தவர். ஒவ்வொன்றாகப் பொறுக்கி வீட்டுக்கு வெளியே குவித்தார். புருஷனும் ஊராரும் கேலி செய்தார்கள். அவர் நிபுணர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஐந்து வருஷம் பதில் இல்லை. 1890இல் ஒருவழியாக ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்த்து, விண்கல் என்று ஒப்புக்கொண்டு விலை கொடுத்து வாங்கிப் போனார். அந்தப் பணத்தில் நிலத்தின் கடன் அடைந்தது. கேலி செய்தவர்கள் தங்கள் வைக்கோல்போர் மேலே ஏறிப் பார்த்திருப்பார்கள். ஐந்து வருஷம் பதில் வராத விலாசங்களுக்கு விடாமல் கடிதம் போட்ட அந்த அம்மாளை நினைத்தால், தபால்காரன் என்ற முறையில் கை கூப்பத் தோன்றுகிறது.

அதே கான்சாஸில் நினிங்கர் என்ற கல்லூரி உயிரியல் ஆசிரியர், 1923 நவம்பரில் ஒருநாள் இரவு வானத்தில் ஓர் எரிகோளம் போவதைப் பார்த்தார். அதோடு அவர் வாழ்க்கை திசை மாறியது. வேலையை விட்டுவிட்டு விண்கல் தேடுவதையே தொழிலாக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்று கிடைத்தால் அதிசயம் என்று ஒரு பெரிய மியூசியத்து நிபுணர் சொன்னாராம். அவர் கையாண்ட வழி எளிமையானது. கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய் மாதிரிக் கல்லைக் காட்டுவார். இப்படி இருந்தால் எழுதிப் போடுங்கள், பணம் தருகிறேன் என்பார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்லும். வேலி ஓரத்திலும் கதவுக்கு முட்டாகவும் கிடந்த கற்கள் தபாலில் வர ஆரம்பித்தன. 1946இல் நெடுஞ்சாலை ஓரம் சொந்தமாக ஒரு மியூசியமே வைத்தார். கடைசிக் காலத்தில், 1958இல் ஒரு பகுதியை லண்டன் மியூசியத்துக்கும், 1960இல் மீதியை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் விற்றார். படித்தவர்கள் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்று விட்டதை, குடியானவர்களை நம்பியே அவர் சேர்த்துவிட்டார்.

விலை வந்தால் வழக்கும் வரும். 1890இல் அயோவா மாநிலத்தில் ஒருவர் நிலத்தில் விழுந்த 66 பவுண்டு கல்லை இன்னொருவர் தோண்டி எடுத்து 105 டாலருக்கு விற்றுவிட்டார். நிலத்துக்காரர் கோர்ட்டுக்குப் போனார். 1892இல் மாநில உச்ச நீதிமன்றம், கல் நிலத்தோடு சேர்ந்தது, நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றது. நம் நாட்டில் வழக்கம் வேறு. இங்கே விழும் விண்கற்களுக்குக் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை.

2025 ஜூலையில் நியூயார்க்கில் ஒரு ஏலம் நடந்தது. 24 கிலோ 670 கிராம் எடையுள்ள செவ்வாய்க் கல். ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டுப் பாலைவனத்தில் 2023இல் கிடைத்தது. சுமார் 53 லட்சம் டாலருக்குப் போயிற்று. எங்கள் நாட்டுக் கல் எப்படி வெளியே போயிற்று என்று நைஜர் அரசு விசாரணையில் இறங்கியது. அந்தக் கல்லின் பெயர் என்ன தெரியுமா? 'வடமேற்கு ஆப்பிரிக்கா 16788'. ஊர் இல்லை, ஒரு நம்பர். பாலைவனத்தில் பொறுக்கிக் கைமாறிக் கைமாறிச் சந்தைக்கு வரும் ஆயிரக்கணக்கான கற்களுக்கு இப்படித்தான் எண் போடுகிறார்கள்.

எங்கள் இலாகாவில் விலாசம் தெரியாத கடிதங்கள் போய்ச் சேரும் ஆபீஸ் ஒன்று உண்டு. 53 லட்சம் டாலர் பெற்ற அந்தக் கல்லைப் பற்றிப் படித்தபோது அந்த ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது. ஒரு கல் எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு விழுந்தது, யார் பார்த்தார் என்பது அதன் மேல் குத்திய தேதி முத்திரை. விழுவதைப் பலர் பார்த்துச் சொன்னால், அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்றுகூட விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுவிடுவார்கள். முத்திரை போனால் கல் மட்டும் மிஞ்சும். என்சிஸ்ஹைம் ஜனங்களுக்கு 1492இலேயே இது எப்படியோ தோன்றியிருக்கிறது. கல்லைத் தங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நேரெதிர் அவசரமும் கூடாது. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து ஒரு டிரைவர் இறந்துபோனார். விண்கல் விழுந்தது என்று அரசாங்கமே அறிவித்தது. அவர் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் உதவியும் கொடுத்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்புபோலத்தான் தெரிகிறது என்றார்கள். ஒரு காலத்தில் கண்ணால் கண்டதையும் நம்ப மறுத்தார்கள். இப்போது காணாததையும் உடனே நம்பிவிடுகிறோம். இரண்டுக்கும் மருந்து கிளாட்னியும் பியோவும் செய்ததுதான்: பொறுமையாக விசாரிப்பது.

ஆகவே நண்பர்களே, வானத்தில் பெரிய வெளிச்சமும் சத்தமும் கேட்டு, பிறகு எங்காவது ஒரு புதுக் கல்லைப் பார்த்தால், முதலில் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ. கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கிறதா, மேலே மெல்லிய கறுப்பு ஓடு இருக்கிறதா, காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இட்லிபோலப் பொத்தல் பொத்தலாக இருந்தால் அநேகமாக அது பழைய இரும்பு உலையின் கசடுதான். கழுவாதீர்கள், உடைக்காதீர்கள். புவியியல் ஆய்வுத்துறைக்கு எழுதிப் போடுங்கள். பதில் வரத் தாமதமானால் எலைசா அம்மாளை நினைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

கமுதி, பெருநாழிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதைப் படித்தால் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். ஊரிலுள்ள மூத்தவர்களிடம், அவர்கள் தாத்தா பாட்டி காலத்தில் கல் விழுந்த கதை ஏதாவது சொன்னதுண்டா, 'கல் விழுந்த காடு' என்பதுபோல எந்தப் புஞ்சைக்காவது பெயர் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கல் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. அதன் கதை நம் ஊரில் யாரிடமாவது மிச்சமிருந்தால் எழுதி வைத்துவிடலாம்.